முதல் கிரேக்கக் கருவி: பக்லமாஸா, லீராவா, புசூக்கியா?

கிரேக்கத் தந்திக் கருவி ஒன்றைச் சொந்தக் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது புசூக்கியைத்தான். கிரேக்க நகரங்களின் அடித்தட்டு மக்கள் பாட்டான ரெபெதிகோவில் மயங்கியவர்களுக்கு அந்த நீளக் கழுத்தும், வரிவரியாகப் பட்டை ஒட்டிய குடமும், குடத்தை மூடும் பலகையில் பதித்த சிப்பி வேலையும் கண்ணை விட்டுப் போகாது. ஆசையில் தப்பில்லை. முதல் கருவியாக அதைத் தொடலாமா என்பதுதான் கேள்வி.

பட்டறையில் எதிரே நிற்பவை நாலு. மரக்கட்டையைக் குடைந்து செய்யும் குட்டிப் புசூக்கியான பக்லமாஸ். அதே குடைவு வேலைதான், ஆனால் வில் போட்டு வாசிக்கும் கிரீட் தீவின் லீரா. மெல்லிய பட்டைகளை வளைத்து ஒட்டும் புசூக்கி. அதே முறையில் இன்னும் பெரிய குடத்தோடு வரும் லவூதோ. சின்னதில் தொடங்கிப் பெரியதுக்குப் போ என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. சின்னக் கருவி மன்னிக்காத இடங்கள் உண்டு, பெரிய கருவி கண்டுகொள்ளாமல் விடும் இடங்களும் உண்டு. நான் பார்ப்பது வேறு: கை தவறினால் அது எந்தக் கட்டத்தில் தெரியவரும், அப்போது எவ்வளவு வேலை வீணாகும்?

குடைவு வேலைக்குக் கிரேக்கத்தில் காலங்காலமாகக் கை கொடுத்த மரம் மல்பெரி, நம் முசுக்கட்டை. பட்டுப்பூச்சிக்காக ஊர் ஊராக வளர்த்த மரம் அது. வடகிழக்கில் துருக்கி எல்லையை ஒட்டிய சூஃப்லி என்ற ஊர் பட்டாலேயே பேர் வாங்கியது. இலைக்காக நட்ட மரம் எங்கும் இருந்ததால் கருவி செய்பவருக்கும் கிடைத்தது. உறுதியான மரம், சட்டென்று பிளக்காது, உளிக்கும் ஓரளவு இணங்கும். வால்நட்டும் மேப்பிளும் இதே வேலைக்கு வரும். தஞ்சாவூரில் பலாக்கட்டையைக் குடைந்து ஏகாண்ட வீணை செய்வதைப் பார்த்தவர்களுக்குப் பக்லமாஸ் பட்டறை அந்நியமாகத் தெரியாது. அளவுதான் பொம்மைக்குரியது.

பக்லமாஸ் புசூக்கியைவிட ஒரு ஸ்தாயி மேலே பேசும். மூன்று ஜோடித் தந்தி, மேற்கத்திய சுரப்பெயரில் சொன்னால் ரே-லா-ரே சுருதி. மேல்முனைக் கட்டையிலிருந்து குதிரை வரை (பலகை மேல் தந்தியைத் தாங்கும் கட்டைதான் குதிரை) தந்தியின் நீளம் சுமார் 35 செ.மீ. கிரேக்கப் பிரதமர் மெதாக்சாஸ் 1936இல் சர்வாதிகாரத்தைக் கொண்டுவந்து ரெபெதிகோ பாட்டுக்குத் தணிக்கை போட்ட காலத்தில் கோட்டுக்குள் மறைத்து எடுத்துப் போக வாகாக இருந்தது இந்தக் கருவிதான். சிறைக்குள்ளும் செய்தார்கள். சுரைக்குடுக்கை, தேங்காய்ச் சிரட்டை, ஆமை ஓடு, கிடைத்தது எதுவோ அதுதான் குடம். முறையான பட்டறையே இல்லாமல் பிறந்த கருவி என்பதால் இதற்குக் கருவிச் சாமான் குறைவு. நல்ல குழியுளி இரண்டு, சுரண்டு தகடு, ரம்பம், தடிமன் அளக்க ஒரு காலிப்பர், பிடிப்புக்கு ஒரு வைஸ். பட்டை வளைக்கும் சூட்டுக் குழாயும் வேண்டாம், அச்சும் வேண்டாம்.

குடைவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கட்டை சதுரமாக இருக்கும்போதே உட்புறத்தை முதலில் எடுத்துவிட வேண்டும். வெளிப்புறத்தை உருட்டிவிட்டால் வைஸில் நிற்காது, கையில் வழுக்கும். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அந்த அளவுக்குத் துரப்பணத்தில் அடையாளம் கட்டி, அங்கங்கே துளை போட்டுக்கொண்டு, அந்தத் துளைகளின் அடி மறையும் வரை உளியை ஓட்டுவார்கள். விளிம்பிலிருந்து நடுப்பள்ளத்தை நோக்கி வெட்டினால் சீவல் சுருண்டு வரும், பரப்பு மினுங்கும். பள்ளத்திலிருந்து மேலே ஏற்றி வெட்டினால் நார் பிய்ந்து வரும். தொல்லை தருவது குடத்தின் இரண்டு முனைகளும்தான்: கழுத்துப் பக்கமும் அடிப்பக்கமும். அங்கே நாரின் வெட்டுமுகம் உளிக்கு நேராக நிற்கும், உளி கடிக்காமல் துள்ளும். அங்கே பொறுமை இழந்து சுத்தியலால் ஓங்கி அடித்தால் சுவர் கிழியும். சுவர் 3, 4 மி.மீ. வந்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுரண்டு தகட்டுக்கு மாற வேண்டும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள், விரல் முட்டியால் தட்டிக் கேட்பார்கள். ஓரிடத்தில் சத்தம் மந்தமாக இருந்தால் அங்கே மரம் இன்னும் தடியாக இருக்கிறது என்று பொருள்.

ஆழம் தெரியாமல் காலை விட்டுக் குடத்தில் ஓட்டை போட்டுவிட்டால்? கட்டை போச்சு, அவ்வளவுதான். ஆனால் அது வேலையின் ஆரம்பத்திலேயே போகிறது. பலகை ஒட்டவில்லை, சுரத்துக்காகக் கழுத்தின் குறுக்கே பதிக்கும் மெட்டு அடிக்கவில்லை, தந்தி முறுக்கும் பிருடை வாங்கவில்லை. நான் பக்லமாஸுக்குக் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். சின்னதாக இருப்பதற்கு அல்ல.

சின்னதாக இருப்பதே அதன் தலைவலியும். மெட்டுகளை எங்கே அடிப்பது என்ற கணக்கு எளிது: தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 67 செ.மீ. புசூக்கிக்கு முதல் மெட்டு 37.6 மி.மீ.இல் விழும், 35 செ.மீ. பக்லமாஸுக்கு 19.6இல். பக்லமாஸில் பன்னிரண்டாம் மெட்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ரம்பம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் புசூக்கியின் பன்னிரண்டாம் மெட்டில், அரைச் சுரத்தின் நூறு பங்கில் இரண்டரைப் பங்கு பிசகும். அதே பிசகு பக்லமாஸில் ஐந்து பங்கு. புசூக்கியில் காது பொருட்படுத்தாமல் விடும் தப்பு பக்லமாஸில் ஜோடித் தந்தி இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நறநறக்கும். அதனால் மெட்டுப் பலகைக்கு மட்டும் கணினியில் கோடு போட்டு, அளவாகக் காகிதத்தில் அச்சடித்து ஒட்டி, அந்தக் கோட்டின் மேலேயே அறுப்பது நல்லது. சுத்தக்காரர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

தந்தியின் இழுவையும் குறைவில்லை. நீளம் பாதியானாலும் சுருதி இரட்டிப்பதால் ஒவ்வொரு தந்தியும் புசூக்கித் தந்தி அளவுக்கே இழுக்கும். உள்ளங்கை அகலப் பலகையில் ஆறு தந்தியும் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டி இழுக்கும்போது, உள்ளே ஒட்டும் குறுக்குச் சட்டங்களைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் பலகை சில மாதத்தில் குதிரைக்குக் கீழே குழிந்துவிடும்.

இப்போது லீரா. மெட்டே இல்லாத கருவி என்பதால் மேலே சொன்ன கணக்குத் தொல்லை முழுக்க ஒழிகிறது. பேரிக்காய் வடிவக் குடம், கழுத்து, தலை எல்லாம் ஒரே கட்டை. எனவே கழுத்தைக் குடத்தோடு பொருத்தும் மூட்டும் இல்லை. மூன்றே ஒற்றைத் தந்தி, சோல்-ரே-லா என்று பஞ்சம இடைவெளியில். விரலால் தந்தியை மரத்தின் மீது அழுத்துவதும் கிடையாது. முழங்காலில் செங்குத்தாக நிறுத்தி, நகத்தின் முதுகைத் தந்தியின் பக்கவாட்டில் வைத்துத்தான் சுரம் பிடிப்பார்கள். கழுத்தின் மேற்பரப்பு மயிரிழை சுத்தமாக இல்லாவிட்டாலும் கருவி பேசும். மரவேலை என்ற அளவில் பார்த்தால் நாலிலும் இதுதான் எளிது என்பேன். பக்லமாஸைவிடவும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் இதையே சொல்லிவிடக் கூடாது? தப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். வில் கருவியின் குரலை முடிவு செய்வது பலகையின் தடிமனும், குதிரையின் உயரமும், உள்ளே பலகைக்கும் முதுகுக்கும் நடுவே நிற்கும் சின்னக் குச்சியும். அந்தக் குச்சி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குரல் மாறும். பலகை தடியாக இருந்தால் மூக்கால் பேசும், மெலிந்தால் அலறும். இதையெல்லாம் சரிபார்க்க வேண்டுமானால் செய்கிறவருக்கு வில் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வயலின் கையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. மீட்டும் கருவி மட்டுமே தெரிந்தவர் லீரா செய்து முடித்தால், கரகரப்பு வருவது கருவியாலா தன் கையாலா என்று அவருக்கே தெரியாது. திருத்த முடியாத நிலை அது. ஓட்டை விழுந்த குடத்தைவிட மோசம்.

லீராவைத் தேர்ந்தெடுப்பவர்கள் எந்த லீரா என்பதையும் முடிவு செய்ய வேண்டும். கீச்சென்று பேசும் சின்ன லீராக்கி, கனத்த குரலுள்ள வ்ரொண்டோலீரா என்று முன்பு வகைகள் இருந்தன. இன்று கச்சேரியில் பார்க்கும் லீரா இருபதாம் நூற்றாண்டில் வயலினின் செல்வாக்கோடு நிலைபெற்ற வடிவம். அதில் ரெதிம்னோ நகரத்துக் கைவினைஞர் மனோலிஸ் ஸ்தகாகிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த வடிவத்தையே முதலில் செய்யுங்கள். அரைவட்டத் துளை இரண்டு, வயலின் தந்திகளும் வயலின் வில்லும் போதும். பருந்துக்குக் கட்டும் குட்டி மணிகளை வில்லில் கோத்து, வாசிக்கும்போதே தாளமும் போட்ட பழைய வில்லெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லீரா கலைஞர் ராஸ் டேலி நம் சாரங்கியைப் பார்த்து, வில் படாமலே கூடச் சேர்ந்து ஒலிக்கும் அனுதாபத் தந்திகளை லீராவில் சேர்த்த வடிவமும் இருக்கிறது. கேட்க அற்புதம், முதல் கருவிக்கு வேண்டவே வேண்டாம்.

பலகைக்குக் கிரீட்டில் ஆசையாகத் தேடுவது பழைய வீடுகளை இடிக்கும்போது உத்தரத்திலிருந்து கிடைக்கும் தேவதாரு வகை மரத்தை. பல தலைமுறை காய்ந்து இறுகிய மரம். கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் ஸ்ப்ரூஸ் பலகை போதும், இரண்டு மூன்று கருவி செய்து கை பழகும் வரை விலை உயர்ந்த பலகையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

புசூக்கிக்கு வருவோம். இதன் குடம் நேப்பிள்ஸ் மாண்டலின் முறையில், மெல்லிய பட்டைகளை அச்சின் மீது ஒன்றோடு ஒன்று ஒட்டிச் செய்வது. ஒவ்வொரு பட்டையும் நடுவில் அகன்று இரண்டு முனையிலும் கூராகும். தடிமன் மூன்று மி.மீ.க்குள். தண்ணீரில் நனைத்து, சூடேறிய குழாயின் மேல் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். நீர்த்துளி சீறிக்கொண்டே மறையும், மரம் ஒரு கணம் பிடிவாதமாக நிற்கும், பிறகு சட்டென்று தளர்ந்து கொடுக்கும். அந்தத் தளர்வைக் கை உணரும் முன்பே அழுத்தினால் விரிசல். வால்நட் நன்றாக வளையும். அலைஅலையாக ரேகை ஓடும் மேப்பிள் பார்க்க அழகு, வளைக்கும்போது அந்த அலையின் மடிப்பிலேயே ஒடியும்.

வளைத்த பட்டையின் விளிம்பைப் பக்கத்துப் பட்டையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைப்புளி. ஒவ்வொரு பட்டையிலும் 0.2 மி.மீ. கூடுதலாக இழைத்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. 25 பட்டை ஒட்டி முடிக்கும்போது 5 மி.மீ. குறையும். கடைசிப் பட்டைகள் அச்சின் விளிம்பை எட்டாமல் நிற்கும். யார் மேல் பழி போடுவது? எல்லாப் பட்டையும் கூட்டாளிதான்.

அதோடு முடியவில்லை. கழுத்தைக் குடத்தோடு சேர்க்கும் கோணத்தில் அரை டிகிரி தப்பினால் குதிரை இருக்கும் இடத்தில் உயரம் 2 மி.மீ.க்கு மேல் மாறும். இது கண்ணில் படாது. தந்தி மாட்டி முறுக்கிய அன்றுதான், விரல் வலிக்க வலிக்க அழுத்தினாலும் தந்தி மெட்டைத் தொடவில்லை என்று தெரியும். அதற்குள் பலகை ஒட்டியாயிற்று, சிப்பி பதித்தாயிற்று, அரக்கு மெருகும் ஏற்றியாயிற்று. ஆறு தந்தியின் இழுவை 35 கிலோவுக்கு மேல். நீளக் கழுத்து அதற்கு ஈடு கொடுக்கவில்லை என்றால் அது இன்னும் சில மாதம் கழித்துத் தெரியும். புசூக்கி கஷ்டம் என்பதைவிட, அதன் தப்புகள் கடைசி வரை வாயைத் திறக்காது என்பதே எனக்கு உறுத்தல். மாதக்கணக்கில் உழைத்த பிறகு, எந்தப் படியில் பிசகியது என்று தெரியாமல் நிற்பவருக்கு அடுத்த கருவியில் எதைத் திருத்துவது என்றும் தெரியாது.

மூன்று ஜோடியா நாலு ஜோடியா என்ற சண்டையை வாசிப்பவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ரெபெதிகோ முன்னோடி மார்கோஸ் வம்வகாரிஸ் காலத்துப் புசூக்கி மூன்று ஜோடி. 1950களில் புசூக்கிக் கலைஞர் மனோலிஸ் ஹியோதிஸ் பரவலாக்கியது நாலு ஜோடி, டோ-ஃபா-லா-ரே, கிட்டாரின் மேல் நாலு தந்தியை ஒரு சுரம் இறக்கியதுபோல. செய்கிறவருக்கு இரண்டு தந்தி குறைந்தால் இழுவை குறையும், கழுத்து ஒல்லியாகும். மூன்றே போதும்.

லவூதோ இந்தப் பட்டியலில் இருப்பதற்கு ஒரே காரணம், அதன் மெட்டுகள். கழுத்தில் கட்டியிருப்பவை நைலான் நரம்புகள், நகர்த்தலாம். தப்பாகக் கட்டினால் விரலால் தள்ளிச் சரிசெய்துவிடலாம், நாலு கருவியிலும் மெட்டு விஷயத்தில் இவ்வளவு தாராளம் வேறெதுவும் இல்லை. ஆனால் குடம் பெரிது, பலகை அகலம். குதிரை புசூக்கியில் இருப்பதுபோல் சும்மா உட்கார்ந்திருக்காமல் பலகையோடு ஒட்டியிருக்கும், எட்டுத் தந்தியின் இழுவையும் அந்தப் பசையின் மேல். மெட்டில் மிச்சம் பிடித்ததைக் குதிரையில் இரட்டிப்பாகக் கட்ட வேண்டிவரும். முதல் கருவி ஆகாது.

புசூக்கிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. கிரேக்கத்தில் கருவி மரம் விற்கும் கடைகளில் பட்டை ஒட்டி முடித்த குடம் தனியாகவே கிடைக்கும். அதை வாங்கிக் கழுத்து, பலகை, மெட்டு, மெருகு மட்டும் நீங்கள் செய்யலாம். இதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. குரலுக்குப் பெரும்பாலும் பொறுப்பேற்பது பலகையும் சட்டங்களும் குதிரையும். குடம் வாங்கும்போது விளிம்பு சமமாக இருக்கிறதா என்று ஒரு தட்டைக் கண்ணாடி மேல் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள். ஆடினால் திருப்பிக் கொடுங்கள். கழுத்து மூட்டின் கோணத்தைப் பலகை ஒட்டுவதற்கு முன்பே, ஒரு நேர்சட்டத்தைக் கழுத்திலிருந்து குதிரை இடம் வரை நீட்டி வைத்து அளந்துவிடுங்கள். மேலே சொன்ன அரை டிகிரித் தொல்லையைத் தவிர்க்க அது ஒன்றே வழி.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு பக்லமாஸுக்கு, ஒரு நிபந்தனையோடு: ஒன்று செய்வதாக இருந்தால் வேண்டாம், மூன்று செய்வதாக இருந்தால் தொடுங்கள். ஒரு புசூக்கிக்கு ஆகும் உழைப்பில் மூன்று பக்லமாஸ் செய்துவிடலாம். முதலாவதில் குடைவு பழகும், இரண்டாவதில் மெட்டு, மூன்றாவதுதான் வெளியே எடுத்துக் காட்ட. மூன்றுக்கும் ஒரே மரத்தில் ஒரே அளவு வையுங்கள். ஒன்றில் சுவரை 4 மி.மீ., ஒன்றில் 3 என்று அதை மட்டும் மாற்றினால் மரம் குரலை என்ன செய்கிறது என்று உங்கள் காதுக்கே புரிந்துவிடும். வயலின் வாசிப்பவர்கள் இதில் எதையும் காதில் வாங்காமல் நேரே லீராவுக்குப் போகலாம், அவர்களுக்கு அதுதான் சரி.

ஏதென்ஸ் போகும் வாய்ப்பு இருந்தால் முடிவெடுக்கும் முன் பிளாகா பகுதியில் உள்ள கிரேக்க நாட்டுப்புற இசைக்கருவி அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். இசை ஆய்வாளர் ஃபீவோஸ் அனோயனாகிஸ் சேர்த்த ஏறக்குறைய 1200 கருவிகள், 1991இல் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். ஆனாலும் குடத்தின் பக்கவாட்டு வளைவும், கழுத்துச் சாய்வும், குதிரையின் உயரமும் புகைப்படத்தில் கிடைக்காத அளவுக்குப் பிடிபடும். தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் விடுதலைப் போர்த் தளபதி மக்ரியான்னிஸின் தம்பூராஸ் இருக்கிறது, புசூக்கியின் முன்னோர் குடும்பம். எபிஃபோன் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கொசுறு: அந்தக் கம்பெனியின் வேர் அனஸ்தாசியோஸ் ஸ்ததோபூலோ என்ற கிரேக்கர், ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மீர்) கருவி செய்துவந்தவர், 1903இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். பட்டை ஒட்டிய குடங்களைச் செய்து பழகிய கைகள்தான் அவையும்.

எதை முடிவு செய்தாலும் மரத்தை இன்றைக்கே வாங்கிவிடுங்கள். பச்சைக் கட்டையாகக் கிடைத்தால் அதுவும் நல்லதே: உட்புறத்தைத் தோராயமாகக் குடைந்து, சுவர் ஒரு செ.மீ. தடிமன் இருக்கும்படி விட்டு, இரண்டு முனையின் வெட்டுமுகத்திலும் மெழுகோ பெயின்ட்டோ பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முனையைப் பூசாமல் விட்டால் ஈரம் அங்கிருந்துதான் முதலில் ஓடும், விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும். கட்டையின் எடையைப் பென்சிலால் அதன் மேலேயே தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு உளியை எடுக்கலாம். அதுவரைக்கும் காகிதத்தில் மெட்டுக் கணக்கைப் போட்டுப் பழகுங்கள்.